லெவாசலோவாவுக்கு யாரோ போட்ட விலை

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுடுகற்களுக்கு அடியிலிருந்து எடுத்த சேப்பங்கிழங்கை ஃபெரெத்தி உரித்துக்கொண்டிருந்தான். தன் குடும்பத்தின் பட்டத்தைத் தானே விற்பனைக்குப் போட்டுவிட்ட செய்தி அப்போதுதான் அவனுக்கு வந்து சேர்ந்தது.

சொன்னவள் தங்கை திலோமாய். ஆக்லாந்திலிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணே, நம்ம பேர வித்துட்டியா?”

“எந்தப் பேர?”

“எந்தப் பேரயா? நமக்கு எத்தன பேரு இருக்கு? லெவாசலோவா! சந்தையில தொங்குது அண்ணே. பன்னித் தொடை மாதிரி தொங்குது. நாலாயிரத்துத் தொள்ளாயிரம் டாலராம். கீழ ஒரு பச்சைப் பொத்தான் வேற, ‘இப்பவே வாங்குங்க’ன்னு.”

ஃபெரெத்தி கையிலிருந்த கிழங்கைப் பார்த்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவன் விடும் இடைவெளி ஊரறிந்தது. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும்போது அவன் தொடங்கிய வாக்கியங்களைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் முடித்துவைப்பார்கள்.

“இருக்கியா, வச்சிட்டுப் போயிட்டியா?”

“இருக்கேன்.”

“அப்ப வாயத் தொற.”

“நான் விக்கல.”

“அத என்கிட்ட சொல்லி என்ன? குடும்பக் குழுவுல சொல்லு. நான் சும்மா ஒரு கேள்வியாத்தான் போட்டேன், ‘இது என்ன’ன்னு. அதுக்குள்ள சிட்னி அத்தை ஒரு பாட்டம் அழுது முடிச்சிட்டாங்க.”

லெவாசலோவா என்றால் நீண்ட கடல்; குடும்பத் தலைவருக்குச் சூட்டும் பட்டப்பெயர். சமோவாவின் வைத்தோலோ ஊரில் அந்தப் பெயரைத் தாங்குகிறவருக்குச் சபைக் கூடத்தில் ஒரு தூண் உண்டு, சாய்ந்து உட்கார. சபையில் பரிமாறும் காவா பானத்தில் முதல் கோப்பை உண்டு. குடும்ப நிலத்தில் யார் நடலாம், யார் வீடு கட்டலாம் என்பதில் கடைசிச் சொல் உண்டு. அதைத் தாங்கியிருந்த பெரியப்பா மழைக்காலத்தில் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் சிட்னியில் வேர்விட்டுவிட்டார்கள். கடைசி மூன்று ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, வெயிலுக்கும் நிழலுக்குமாகத் தூக்கிச் சென்றது ஃபெரெத்திதான். பட்டம் அடுத்து யாருக்கு என்று அடுத்த மாதம் குடும்பம் கூடிப் பேச இருந்தது. ஒரு பக்கம் ஃபெரெத்தி. மறுபக்கம் சித்தப்பா மகன் லஃபாயெலே. இரண்டு பேருந்துகளுக்கும் ஒரு பெரிய குரலுக்கும் சொந்தக்காரன்.

பட்டம் வேண்டும் என்று ஃபெரெத்தி யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. திலோமாயின் குரல் அடங்கிய பிறகு, கையிலிருந்த கிழங்கு ஆறிக்கொண்டிருந்தபோதுதான், அது தனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவனுக்கு உறைத்தது. போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் சில ஆசைகள் முகம் காட்டுகின்றன.

நடந்தது இதுதான். பெரியப்பாவின் சாவுச் செய்தியையும் படங்களையும் வெளிநாட்டு உறவுகளுக்குக் காட்ட, இணையத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் திறந்தான். அதற்கு லெவாசலோவா டாட் காம் என்று ஒரு பெயரைத் தன் கணக்கில் வாங்கினான். பெரியப்பா பேரன் ஒருவனைத் தூக்கி வைத்திருக்கும் படம் முதல் பக்கத்தில் இருந்தது. இப்போது உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முகம் தெரியாத யாரோ ஒருவன், இணையப் பெயர்களை வாங்கி விற்கும் சந்தையொன்றில், தனக்குச் சொந்தமில்லாத அந்தப் பெயருக்கு விலைச்சீட்டு ஒட்டிவிட்டான்.

சந்தையின் பக்கத்தை ஃபெரெத்தி திறந்து பார்த்தான். ‘அரிய, கவர்ச்சியான பெயர். உங்கள் காலணித் தொழிலுக்கோ அழகுசாதன நிறுவனத்துக்கோ மிகப் பொருத்தம். உரிமையாளர் விற்க ஆவலாக இருக்கிறார்’ என்று போட்டிருந்தது. உரிமையாளராகிய அவன் அதை இரண்டு முறை படித்தான்.

திலோமாய் அலுவலகத்தில் யாரையோ விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். “இது ஒரு பொழப்பாம் அண்ணே. ஆயிரக்கணக்குல பேருங்கள, யாருதுன்னே பாக்காம, பட்டியல்ல போட்டு வச்சிருவாங்களாம். எவனாவது ஏமாந்தவன் வாங்க வந்தா, அப்புறமா நெஜச் சொந்தக்காரன்கிட்ட வந்து பேரம் பேசுவாங்களாம். அடுத்த வீட்டுப் பன்னிக்கு வெல பேசிட்டு, அப்புறம் கயிறு வாங்கப் போற மாதிரி.”

அவன் சந்தைக்கு எழுதினான். பெயர் என்னுடையது, நான் விற்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று மூன்று வரி. மறுநாளே ஒரு பெண் பெயரில் பதில் வந்தது. ‘எங்கள் சந்தையில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி! இவ்வளவு அழகான பெயரின் உரிமையாளரானதற்கு வாழ்த்துகள்! நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட, முதலில் விற்பனையாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் உங்கள் கணக்குக்கு மாறியதும், விரும்பினால் அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம்.’

அதாவது, விற்கவில்லை என்று சொல்வதற்கு அவன் முதலில் விற்க வேண்டும். இதுவரை யாரோ ஒருவன் செய்த காரியம், அதன் பிறகு ஃபெரெத்தி என்ற எழுத்துகளுடன், சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர் என்ற அடையாளத்துடன் அங்கே நிற்கும். கொஞ்சநேரம் போதும், லஃபாயெலேயின் ஆட்கள் அதைப் படமெடுத்துவிடுவார்கள். அவன் பதிவு செய்யவில்லை. பக்கத்தின் அடியில், படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்தில், முறையீடு செய்ய வேறொரு வழி இருந்தது. பெயர் வாங்கிய ரசீதை இணைத்து அனுப்பினான். ‘பரிசீலிக்கிறோம், பொறுத்திருங்கள்’ என்று வந்தது. பொறுத்திருப்பது அவனுக்குத் தெரிந்த வேலைதான்.

ஊர் பொறுக்கவில்லை.

பெயருக்கும் பட்டத்துக்கும் சமோவா மொழியில் மரியாதையான சொல் ஒன்றுதான். சுவாஃபா. ‘சுவாஃபா விற்பனைக்கு’ என்று யாரோ குழுவில் மொழிபெயர்த்துப் போட்டார்கள். அதைப் படித்தவர்களில் ஒருவர்கூட இணையத்தை நினைக்கவில்லை. எல்லாருக்கும் தூண்தான் கண்ணில் தெரிந்தது.

சபை அடுத்த வாரம் திங்கட்கிழமை கூடியது. பட்டக்காரர்கள் வட்டக் கூடத்தின் தூண்களில் சாய்ந்து சம்மணமிட்டிருந்தார்கள். லெவாசலோவாவின் தூண் காலியாக இருந்தது. பட்டமில்லாதவன் என்பதால் ஃபெரெத்தி விளிம்பில், தூணற்ற இடத்தில் உட்கார்ந்தான். சபையின் பேச்சாளர் ஔஃபாத்தா முதலில் விண்ணையும் கடலையும் மலைகளையும் அவற்றில் அமர்ந்திருக்கும் பெருமக்களையும் வரிசை பிசகாமல் வணங்கினார். அது முடியவே நேரமாயிற்று. பிறகு திரும்பினார்.

“சரி வாத்தியாரே, சொல்லுங்க. நம்ம பேருக்கு எப்ப வெல போட்டீங்க?”

“நான் போடலங்க. அது... அது பட்டம் இல்லங்க. ஒரு முகவரிங்க.”

“முகவரியா? எதோட முகவரி?”

“குடும்பத்தோட பக்கத்துக்கு. வீட்டுக்கு இருக்கற மாதிரி.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஔஃபாத்தா கையை உயர்த்தினார்.

“அப்ப வீடும் சேத்துத்தான் வெலையா?”

“இல்லங்க...”

“பொறுங்க. இந்தப் பேரு உங்ககிட்ட எப்படி வந்துச்சு? பெரியவர் காதுல சொல்லிட்டுப் போனாரா?”

“நான் வாங்கினேங்க.”

“வாங்கினீங்க! யாருகிட்ட?”

“அமெரிக்காவுல ஒரு கம்பெனிங்க. வருசா வருசம் வாடகை கட்டணும்.”

உண்மையைச் சொல்லச் சொல்லக் குழி ஆழமாவதை ஃபெரெத்தி உணர்ந்தான். ஆனால் பொய் சொல்லும் வேகம் அவன் நாக்குக்கு என்றுமே இருந்ததில்லை.

“லெவாசலோவாவ,” என்றார் ஔஃபாத்தா, ஒவ்வொரு எழுத்தாக இறக்கிவைத்து, “நாம ஒரு வெள்ளக்காரன்கிட்ட வாடகைக்கு எடுத்திருக்கோம். கட்டலேன்னா?”

“யாரு வேணாலும் எடுத்துக்கலாங்க.”

மூலைத் தூணிலிருந்த கிழவர் துவாதோ அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறந்தார்.

“வெல என்ன சொன்னீங்க?”

சொன்னார்கள்.

“அவ்வளவுதானா?” என்றார் கிழவர். முகம் சிவந்துவிட்டது. “பட்டம் கட்டற அன்னிக்கி நாம பங்கு வைக்கற மீன் டப்பாவுக்கே அத விட ஆகும்டா! எந்த அயோக்கியன் போட்டான் இந்த வெலைய?”

கோபம் திசை மாறியது. விற்றது போய், மலிவாக விற்றது பெரிய குற்றமாகிவிட்டது. ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: பக்கத்து ஊர்க்காரர்களின் பட்டம் என்ன விலைக்குப் போயிருக்கிறது? ஃபெரெத்தி கைபேசியில் தேடிப் பார்த்தான். அது பட்டியலிலேயே இல்லை என்றான்.

“யாரும் சீந்தலயா?”

“சீந்தலங்க.”

வட்டத்தைச் சுற்றி ஒரு திருப்தி பரவியது. யாரும் சிரிக்கவில்லை, சபையில் சிரிக்கக் கூடாது. ஆனால் முதுகுகள் தூண்களில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்தன.

“அப்ப வெலைய ஏத்துங்க,” என்றார் துவாதோ. “எவனும் தொட முடியாத மாதிரி ஒரு கோடியில வைங்க.”

“ஏத்தணும்னா நான் விக்கறவனாப் பதிவு பண்ணிக்கணுங்க.”

“பண்ணிக்கறது!”

“பண்ணிக்கிட்டா நான் வித்ததா ஆயிருங்க.”

“இப்ப மட்டும் என்னவாம்?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். துவாதோ மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஔஃபாத்தா நெடுநேரம் தாடையைத் தடவினார். அவர் கெட்டவர் இல்லை. பட்டத்துக்கு ஒரு இழுக்கு நடந்துவிட்டது, அது யார் கையால் நடந்தாலும் அதற்கு ஒருவர் தலை வணங்கியாக வேண்டும். அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். விடியலில் பாய் போர்த்தி, சபைக் கூடத்தின் முன் தரையில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை விலக்கும்வரை காத்திருப்பது. இஃபோங்கா என்னும் மன்னிப்புச் சடங்கு. கொலைக்கும் அதுதான் மருந்து.

“செஞ்சவன் யாருன்னு தெரியல. அவனுக்கு ஊர் இல்ல, உறவு இல்ல. பாய்க்குக் கீழ உக்கார ஒரு முதுகு இல்ல.” அவர் சுற்றிலும் பார்த்தார். “யாரு உக்காருவீங்க?”

யாரும் பேசவில்லை. ஃபெரெத்தியும் பேசவில்லை. இது நியாயமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்கும்போது அவன் எப்போதும் போல் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபையில் குனிந்த தலைக்கும் நீண்ட மௌனத்துக்கும் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அவன் மனதில் வாக்கியம் முடிவதற்குள் சபை அதை முடித்துவைத்தது.

“நல்லது வாத்தியாரே,” என்றார் ஔஃபாத்தா, உண்மையான கனிவுடன். “பெருந்தன்மை.”

வீட்டில் சூலியெத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் மனைவிக்கு வாயில் இடைவெளியே கிடையாது.

“நீ பேசாததுக்கு ஊரு தண்டன குடுக்கும்னு நான் கல்யாணத்தன்னிக்கே சொன்னேன். ‘மாட்டேன்’னு ஒரு வார்த்த. மூணு எழுத்து. அது உனக்கு வராதா?”

“நாலு எழுத்து.”

“கணக்கு வாத்தியார்டா நீ! எண்ணு, நல்லா எண்ணு. பாய்க்கு எங்க போவ?”

அவன் படுக்கையைப் பார்த்தான். மெத்தைக்கு அடியில் அவள் அம்மா கொடுத்த மெல்லிய பாய் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பட்டுத்துணி போல மடியும், ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. மன்னிப்புக்குப் போர்த்திய பாய் மன்னித்தவர்களுக்குப் போய்விடும்.

“ஓ,” என்றாள் சூலியெத்தி. கொஞ்சநேரம் அவளும் பேசவில்லை. அந்த வீட்டில் அது அபூர்வம். “எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து பொத்தான அமுக்கினான். அவனுக்காக எங்கம்மா பாய். அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னாவது தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சா சொல்லு. ஒருதரம் பாத்துக்கறேன்.”

ஆனால் பாயை அவள்தான் உதறினாள், மடித்தாள், விடியலில் அவன் தோளில் வைத்தாள்.

கூடத்தின் முன்னால் கூழாங்கற்கள் ஈரமாக இருந்தன. ஃபெரெத்தி சம்மணமிட்டு, குனிந்து, பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டான். உலகம் பழுப்பு நிறமாயிற்று. பின்னல்களின் இடையே வெளிச்சம் ஊசிப் புள்ளிகளாக வந்தது. உள்ளே ஒருவர் இருமினார். கோகோ ஊற்றும் சத்தம் கேட்டது. அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்களோ அவ்வளவு பெரிது குற்றம்.

விந்தை என்னவென்றால், அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரும் கேள்வி கேட்காத, யாரும் தன் வாக்கியத்தை முடித்துவைக்காத ஓர் இடம். அந்த முகமில்லாதவனை நினைத்துப் பார்த்தான். அவனும் இந்நேரம் எங்கோ ஒரு திரைக்கு முன் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருப்பான். லெவாசலோவா என்பதை அவன் படித்திருக்கக்கூட மாட்டான். ஏதோ ஒரு நிரலில் வரிசையாக விழுந்த எழுத்துகள். ஒரு கடலையே விற்பனைக்கு வைத்தது தெரியாமல் காலைச் சாப்பாடு சாப்பிடுவான். தன் சார்பில் ஒருவன் ஈரக் கல்லில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதை அவனிடம் சொன்னால், முதலில் கேட்கும் கேள்வி ‘எதற்கு’ என்பதாகத்தான் இருக்கும்.

இடுப்புத் துணிக்குள் கைபேசி அதிர்ந்தது.

பாய்க்குக் கீழே, தலையைத் தூக்காமல், அதை மெல்ல உருவிப் பார்த்தான். சந்தையிலிருந்து. ‘உங்கள் முறையீட்டை ஆராய்ந்தோம். பட்டியலிட்டவர் இந்தப் பெயரின் உரிமையாளர் அல்லர் என்று உறுதியாகிறது. உரிமையாளராகிய உங்கள் அனுமதியின்றி இது சேர்க்கப்பட்டுள்ளது. நீக்கிவிட்டோம். எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு நிறைவளித்தது?’ கீழே ஐந்து நட்சத்திரங்கள், தொட்டால் நிறம் மாறும்படி, காத்திருந்தன.

எழுந்து நின்றால் போதும். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே போய், அதை வாசித்துக் காட்டினால் போதும். பாய் சூலியெத்திக்குத் திரும்பும். பட்டமும் ஒருவேளை அவன் பக்கம் சாயும். ஆனால் நிரபராதி ஒருவனைத் தரையில் உட்கார வைத்த சபை என்று பக்கத்து ஊர் வருடக்கணக்கில் சிரிக்கும். ஔஃபாத்தா இனி எந்தக் கூட்டத்தில் விண்ணையும் கடலையும் வணங்கினாலும் யாராவது ஒருவர் செருமுவார். பெரியப்பா இருந்திருந்தால் எழுந்திருப்பாரா? ஃபெரெத்தி யோசித்தான். பெரியப்பாவின் மெலிந்த முதுகில் தண்ணீர் ஊற்றிய காலைகள் நினைவுக்கு வந்தன. அவரும் அதிகம் பேசமாட்டார். எழுந்திருக்க மாட்டார் என்று பட்டது. உடனே, எழுந்திருப்பார் என்றும் பட்டது. அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூழாங்கற்களில் காலடி கேட்டது. பாய் தலையிலிருந்து விலகியது. வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது.

“மன்னிச்சாச்சு,” என்றார் ஔஃபாத்தா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. “உள்ள வாங்க. கோகோ ஆறுது.”

கைபேசியை மறுபடி துணிக்குள் செருகிக்கொண்டு அவன் உள்ளே போனான்.

குடும்பம் கூடியபோது அவனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லவில்லை. சிட்னி அத்தை தொலைபேசியில் சொன்னாள்: “தங்கமான பிள்ள. அதான் மன்னிச்சாச்சே. ஆனா...” மற்றவர்களும் அப்படியே. மன்னிச்சாச்சு, ஆனா. மன்னிக்கப்படாதவனுக்காவது தான் செய்யவில்லை என்று சொல்ல இடம் இருக்கிறது. மன்னிக்கப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. பட்டம் லஃபாயெலேக்குப் போயிற்று.

பட்டம் கட்டும் நாளில் லஃபாயெலே எண்ணெய் மினுங்கும் தோளுடன் அந்தத் தூணில் சாய்ந்தான். விருந்தினருக்குப் பாய்கள் விரித்துக் காட்டப்பட்டு வழங்கப்பட்டன. நான்காவதாக விரிந்த பாயின் சிவப்பு இறகைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து சூலியெத்தி அவனைத் தேடிப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்தினான். பாய் யாரோ ஒரு தூரத்து ஊர்க்காரரின் மடிக்குப் போய் மறைந்தது.

விருந்து தளர்ந்த பிறகு புதிய லெவாசலோவா அவனைக் கூப்பிட்டான். ஃபெரெத்தி குனிந்து நடந்து போய் எதிரே உட்கார்ந்தான். இனி மரியாதையாகத்தான் பேச வேண்டும்.

“தம்பி, அந்த இணையத்துல இருக்கே, அது இன்னும் உன்கிட்டதான?”

“ஆமாங்க.”

“எனக்கு மாத்திக் குடுத்துரு. பிள்ளைங்க கேக்கறாங்க. என் படத்தப் போட்டு, பஸ் நேரத்தையும் கீழ போட்டுக்கலாம்னு.”

லஃபாயெலே காத்திருந்தான், பிறகு, எல்லாரும் செய்வது போல, அவனுக்காக வாக்கியத்தை முடிக்கப் பார்த்தான்.

“என்ன யோசிக்கற? பட்டமா கேட்டேன்? வெறும் முகவரிதானே!”

ஔஃபாத்தா பக்கத்துத் தூணில் இருந்தார். கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்த அவருடைய வாய் நின்றது.

“முகவரி இல்லங்க,” என்றான் ஃபெரெத்தி, மிகுந்த மரியாதையுடன். “சுவாஃபா. சபையே சொன்னதுங்க. அதுக்காகத்தான் நான் பாய்க்குக் கீழ உக்காந்தேன். அது முகவரின்னா...”

இந்த முறை அவன் வாக்கியத்தை யாரும் முடித்துவைக்கவில்லை. லஃபாயெலே பேச்சாளரைப் பார்த்தான். பேச்சாளர் கோழிக் காலைப் பார்த்தார். மூலையில் துவாதோ கண்ணைத் திறந்து, இந்த அமைதி எதைப் பற்றியது என்று யாரையும் கேட்காமல், மறுபடி மூடிக்கொண்டார்.

“சரி, சரி,” என்றான் லஃபாயெலே கடைசியில். “அது... இருக்கட்டும், இருக்கற எடத்துல.”

வீடு திரும்பும்போது சூலியெத்தி வழியெல்லாம் பாயைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அவன் கேட்டுக்கொண்டு வந்தான். வீட்டில் பக்கத்தைத் திறந்தான். பெரியப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். அடுத்த பத்து ஆண்டுகளுக்கான வாடகையை மொத்தமாகக் கட்டினான்.

உடனே பதில் வந்தது. ‘வாழ்த்துகள்! லெவாசலோவா உங்களுடையது. இதை விற்க விரும்புகிறீர்களா?’